கருங்கல்லின் பிறப்பும் அதனுள் உறையும் கனியங்களும்

ஆலயத்திற்கு வரும் அடியவரின் கண்ணுக்கு முதலிற் படுவது கோபுரம். காலுக்கு முதலிற் படுவது கல். வாயிற்படி, பலிபீடம், தூண், அபிஷேகத் தீர்த்தம் வழிந்தோடும் கோமுகி, கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூலமூர்த்தி என்று எங்கும் கல்லே முதலிடம் பெறுகின்றது. ஆலயத்தின் வயதை நூறு ஆண்டுகள், இருநூறு ஆண்டுகள் என்று கணக்கிடுகின்றோம். ஆனால் அங்குள்ள கருங்கல்லின் வயது கோடி ஆண்டுகளில் எண்ணப்படுவது. அந்தக் கல் எங்கே பிறந்தது, எப்படி இறுகியது, அதனுள் என்னென்ன இருக்கின்றன என்பவற்றை அறிந்துகொள்வது திருப்பணியில் ஈடுபடும் ஒவ்வொருவருக்கும் பயன் தரும். கல்லைத் தெரிவு செய்யவும், அதனைப் பேணவும், அதனைச் செதுக்கும் தொழிலாளியைப் பாதுகாக்கவும் இவ்வறிவு உதவும்.

அதிகாலையில் கழுவிவிட்ட ஒரு கருங்கற் படியைச் சற்றுக் குனிந்து பார்த்தால் அதில் ஒரு நிறம் மட்டும் இருப்பதில்லை. வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் புள்ளிகள், கண்ணாடி போன்ற சாம்பல் நிறப் புள்ளிகள், அவற்றுக்கிடையே பளபளக்கும் கறுப்புத் துகள்கள் என்பன தனித்தனியே தெரியும். இவை ஒவ்வொன்றும் ஒரு கனியத்தின் பளிங்கு ஆகும். வெறுங்கண்ணாற் காணக்கூடிய அளவில் இப்பளிங்குகள் அமைந்த பாறையே பருமணிப் பாறை எனப்படும். மணியின் பருமன்தான் அந்தக் கல்லின் பிறப்பைக் கூறும் சாதகக் குறிப்பு.

மூவகைப் பாறைகள்

புவியோட்டிலுள்ள பாறைகள் மூன்று வகைப்படும். உருகிய பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகுவதால் உண்டாவது தீப்பாறை. மணல், சேறு, சிப்பி முதலியன படிந்து இறுகுவதால் உண்டாவது அடையற் பாறை. இவ்விரண்டும் ஆழத்தில் வெப்பத்திற்கும் அமுக்கத்திற்கும் உட்பட்டு, உருகாமலே மாற்றமடைந்தால் அது உருமாறிய பாறை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அது மயோசீன் காலத்தில், அதாவது ஏறக்குறைய 2 கோடி 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமற்ற கடலில் படிந்த அடையற் பாறை. கிணறு வெட்டும்போது அதில் சிப்பிகளின் அடையாளங்களைக் காணலாம். அக்கல்லைப் பொழிந்து கட்டிய பழைய மதில்களும் கேணிகளும் குடாநாட்டில் இன்றும் உள்ளன. ஆயினும் குடாநாட்டு மண்ணைத் தோண்டிக் கருங்கல் எடுக்க முடியாது. அது வன்னியிலிருந்தோ தென்பகுதியிலிருந்தோ, சிலைகளாயின் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோதான் வரவேண்டும். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட நிலம் மிகப் பழைய பளிங்குருப் பாறைகளால் ஆனது. குடாநாடும் வடமேற்குக் கரையோரமும் அதற்கு விலக்கு.

ஆழத்தில் மெல்ல இறுகுதல்

நிலத்தின் கீழே செல்லச் செல்ல வெப்பம் கூடுகின்றது. சாதாரணமாக ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உயரும். அதற்காகப் பூமியின் உள்ளே எங்கும் நெருப்புக் குழம்பே நிறைந்திருக்கின்றது என்று எண்ணிவிடக் கூடாது. புவியோடும் அதன் கீழுள்ள மென்மூடியும் பெரும்பாலும் திண்மமானவையே. மிகுந்த வெப்பம் சேரும் இடத்திலும், மேலிருந்த அமுக்கம் குறையும் இடத்திலும், நீர் உட்புகும் இடத்திலும் மட்டும் பாறையின் ஒரு பகுதி உருகுகின்றது. அவ்வாறு உருகியதே பாறைக்குழம்பு. சுற்றியுள்ள பாறையிலும் அடர்த்தி குறைந்ததாகையால் அது மெல்ல மேலெழும்பும்.

எரிமலை வழியாக நிலத்தின் மேல் கக்கப்படும் குழம்பு காற்றும் நீரும் பட்டு விரைவாகக் குளிர்கின்றது. அதில் மணிகள் வளர நேரமில்லை. பசால்ற் என்னும் நுண்மணிப் பாறை இவ்வாறு உண்டாகின்றது. இன்னும் விரைவாகக் குளிர்ந்தால் பளிங்கே தோன்றாமல் எரிமலைக் கண்ணாடியாகி விடும். ஆனால் மேலே வராமல் பல கிலோமீற்றர் ஆழத்திலேயே தங்கிவிடும் குழம்பின் கதை வேறு. அதனைச் சுற்றியிருக்கும் பாறை வெப்பத்தை எளிதில் கடத்தாது. கனத்த போர்வையால் மூடியதுபோல வெப்பம் சிறிது சிறிதாகவே வெளியேறும். பெரிய திணிவொன்று முற்றாக இறுகப் பல்லாயிரம் ஆண்டுகள் முதல் பத்து இலட்சம் ஆண்டுகளுக்கு மேலும் செல்லும். இத்தகையவற்றைப் பாதாளப் பாறைகள் என்பர். கிரனைற், டயோரைற், கப்ரோ என்பன இவ்வகையின.

மெல்லக் குளிர்ந்தால் மணி ஏன் பெரிதாகின்றது? நைவேத்தியத்திற்கு வைக்கும் கற்கண்டைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். காய்ச்சிய சீனிப்பாகை அசைக்காமல் நூல் கட்டித் தொங்கவிட்டுப் பல நாள் ஆறவிட்டால் நூலைப் பற்றிப் பெரிய கட்டிகள் விளையும். அதே பாகை விரைவாகக் குளிரச் செய்து கிளறினால் பொடிச் சீனியாகவே கிடைக்கும். பொருள் ஒன்றே, நேரம் மட்டுமே வேறு. விரைவாகக் குளிரும்போது ஆயிரக்கணக்கான இடங்களில் ஒரே நேரத்தில் பளிங்கு முளைக்கின்றது. எதற்கும் வளர இடமோ காலமோ இல்லை. மெல்லக் குளிரும்போது முளைப்பவை சில. அணுக்கள் அசைந்து சென்று தத்தமக்குரிய இடத்தில் சேர்வதற்கு நேரம் கிடைப்பதால் அச்சிலவும் பெரிதாக வளர்கின்றன.

கிரனைற்றின் மணிகள் பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்டவை. நெல்மணி அளவிலும் அதற்குப் பெரிதாகவும் இருப்பதுண்டு. எல்லாம் இறுகிய பின்னர் எஞ்சும் கடைசிக் குழம்பில் நீரும் வேறு ஆவிப் பொருட்களும் செறிந்திருக்கும். அதில் அணுக்கள் மிக இலகுவாக அசையும். அக்குழம்பு வெடிப்புகளிற் புகுந்து இறுகும்போது சாண் அளவு, முழ அளவுப் பளிங்குகளும் விளைகின்றன. அதற்குப் பெக்மரைற் என்று பெயர்.

எது முதலில், எது கடைசியில்

பாறைக்குழம்பு ஒரே பொழுதில் முழுவதும் இறுகிவிடுவதில்லை. ஒவ்வொரு கனியமும் தனக்குரிய வெப்பநிலையில் பிரிந்து வருகின்றது. கனடாவிற் பிறந்த நோர்மன் போவன் என்னும் அறிஞர் ஆய்வுகூடத்தில் பாறைப் பொருட்களை உருக்கிக் குளிரவைத்து இவ்வொழுங்கைக் கண்டறிந்தார். 1928இல் வெளிவந்த அவரது நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும்.

1,000 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே ஒலிவின், பைரொக்சின் முதலிய, இரும்பும் மக்னீசியமும் நிறைந்த கறுமை சார்ந்த கனியங்கள் பிரியத் தொடங்குகின்றன. அவற்றின் பின் ஹோர்ன்பிளெண்ட், அதன்பின் கறுப்பு மைக்கா. இதற்கு இணையாகப் பெல்ஸ்பார் வகையில் முதலில் கல்சியம் மிகுந்தவையும் பின்னர் சோடியம் மிகுந்தவையும் வரும். பொற்றாசியம் பெல்ஸ்பார், வெள்ளை மைக்கா, குவாட்ஸ் என்பன கடைசியில் வருபவை. அப்போது வெப்பநிலை 700 பாகை அளவிற்கு இறங்கியிருக்கும்.

இந்த ஒழுங்கைக் கல்லிலேயே காணலாம். முதலில் வந்த கனியத்திற்குத் தாராளமாக இடம் கிடைத்தது. ஆதலால் அது தன் இயல்பான வடிவில் வளர்ந்தது. கடைசியில் வந்த குவாட்ஸுக்கு மற்றவை விட்ட இடைவெளிகளே எஞ்சின. கிரனைற்றில் குவாட்ஸ் ஒழுங்கான உருவமின்றி மற்ற மணிகளுக்கு இடையே நிரம்பிக் கிடப்பது அதனாலேயே. ஆயினும் எல்லா மணிகளையும் இடைவெளியின்றி இறுக்கிப் பிணைப்பதும் அதுவே. சீமெந்தோ சாந்தோ இல்லாமல் ஒன்றையொன்று கோத்து நிற்கும் இந்தப் பிணைப்புத்தான் கருங்கல்லின் பலம்.

கல்லினுள் இருப்பவை

கிரனைற்றில் அதிகமாக இருப்பது பெல்ஸ்பார். ஏறக்குறைய அரைப்பங்கிற்கு மேல் அதுவே. வெள்ளை, சாம்பல், இளஞ்சிவப்பு நிறங்களில் இருக்கும். உடைந்த இடத்தில் தட்டையான முகம் வெளிச்சத்தில் மின்னும். சிவந்த கிரனைற்றுக்கு நிறம் தருவது பொற்றாசியம் பெல்ஸ்பாரே.

அடுத்தது குவாட்ஸ். பொதுவாகக் கால்பங்கு அளவில் இருக்கும். கண்ணாடித் துண்டு போன்று ஒளிபுகவிடும்; தட்டையாக உடையாது. கடினத்தை அளக்கும் 1 முதல் 10 வரையான அளவுகோலில் குவாட்ஸ் 7, பெல்ஸ்பார் 6. சாதாரணக் கத்தி 5½ அளவில் இருப்பதால் இரண்டையும் அது கீறாது.

மூன்றாவது மைக்கா. இதனைத் தமிழில் அப்பிரகம் என்றும் காக்கைப்பொன் என்றும் அழைப்பர். ஏடு ஏடாகப் பிரியும். நகத்திலும் சற்றே கடினமானது. இதனுடன் கறுப்பு நிற ஹோர்ன்பிளெண்டும் சேர்ந்திருக்கலாம். இவை தவிர, சேர்க்கன் என்னும் கனியம் மிகச் சிறிய மணிகளாக இருக்கும். அதனுள் அகப்பட்ட யுரேனியம் காலப்போக்கில் ஈயமாக மாறும் வீதத்தைக் கொண்டே அறிஞர்கள் பாறையின் வயதைக் கணிக்கின்றனர்.

கனியங்களின் பங்கு மாறினால் பாறையின் பெயரும் மாறும். கிரனைற்றில் சிலிக்கா நூற்றுக்கு 70 வீதம் அளவில் உண்டு. குவாட்ஸ் மிகக் குறைந்து, வெண்ணிறப் பெல்ஸ்பாரும் ஹோர்ன்பிளெண்டும் கலந்து நிற்பது டயோரைற். கல்சியப் பெல்ஸ்பாரும் பைரொக்சினும் சேர்ந்து கறுத்திருப்பது கப்ரோ. இதில் சிலிக்கா 50 வீதம் அளவே. வியாபாரத்தில் ‘கறுப்புக் கிரனைற்’ என்று விற்கப்படும் கற்கள் பல உண்மையில் கப்ரோ வகையின அல்லது அதற்கு நெருங்கியவை. கறுப்புக் கனியங்கள் கனமானவை. ஒரு கன அடிக் கிரனைற் ஏறத்தாழ 75 கிலோகிராம் நிறையுடையது. அதே அளவு கப்ரோ 85 கிலோகிராம் வரை நிற்கும்.

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும்

நாம் கருங்கல் என்று பொதுவாக அழைப்பவை யாவும் கிரனைற் அல்ல. இலங்கையிற் கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை உருமாறிய பாறைகள். கோடு கோடாக வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி அமைந்திருந்தால் அது நைஸ் எனப்படும் உருமாறிய பாறை. மணிகள் எத்திசையிலும் ஒழுங்கின்றிச் சமமாகப் பரந்திருந்தால் அது தீப்பாறையாக இருத்தல் கூடும். புத்தளம் மாவட்டத்திலுள்ள தோணிகலவின் இளஞ்சிவப்புக் கிரனைற், இந்நாட்டின் உண்மையான கிரனைற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அது ஆழத்தில் இறுகியது. மேலிருந்த பாறை மழையாலும் வெயிலாலும் தேய்ந்து நீங்கிய பின்னரே அது வெளிச்சத்திற்கு வந்தது. அதன் மேற்பரப்பிற் பண்டைக்காலத்தவர் பொறித்த கல்வெட்டுகள் இன்றும் காணப்படுகின்றன.

மற்றொன்று சார்னொக்கைற். இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரியான யோப் சார்னொக் 1690களில் கல்கத்தாவில் காலமானார். அவரது கல்லறைக்கான கல் சென்னைப் பகுதியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டது. அக்கல்லறைக் கல்லை 1893இல் ஆராய்ந்த தோமஸ் ஹொலன்ட் என்னும் புவியியலாளர், அதற்குச் சார்னொக்கின் பெயரையே சூட்டினார். குவாட்ஸ், பெல்ஸ்பார் என்பவற்றுடன் ஹைப்பர்ஸ்தீன் என்னும் பைரொக்சின் வகையும் இதில் உண்டு. பசுமை கலந்த கருமையும் எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பும் இதன் அடையாளங்கள். குழம்பு இறுகியதால் உண்டான சார்னொக்கைற்றும் உண்டு. பழைய பாறை நீரற்ற கடும் வெப்பத்தில் மாறியதால் உண்டானதும் உண்டு. பல்லவர்கள் மாமல்லபுரத்திற் குடைந்த கல் இவ்வினத்தது. இலங்கையின் மலைநாட்டிலும் இதே கல் பரந்து காணப்படுகின்றது.

இது வியப்பன்று. 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்காபிரிக்கா, அந்தாட்டிக்கா ஆகியவை ஒரே பெருநிலமாக இணைந்து கொண்டிருந்தன. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த மூர்த்தியின் கல்லும் இந்நாட்டு மலைக் கல்லும் ஒரே உலையிற் பழுத்த உறவினர் எனலாம்.

இக்கற்களை முறையாக ஆராய்ந்தவருள் ஒரு தமிழரும் உண்டு. கொழும்பில் 1877இற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர். நடராஜ வடிவத்தின் தத்துவத்தை உலகறியச் செய்தவர் என்ற வகையிலேயே அடியார்கள் அவரை அறிவர். ஆனால் அவர் முதலிற் பயின்றது புவியியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவியல் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கினார். சப்ரகமுவவின் மணிக்கற் படிவுகளிலிருந்து 1904இல் அவர் கண்டெடுத்த கனமான கறுப்புக் கனியம், தோரியனைற் என்னும் புதிய கனியமாக அறியப்பட்டது. பெக்மரைற் போன்ற பருமணிப் பாறைகளுடன் தொடர்புடையது அது. கல்லைப் படித்த அதே கண்தான் பின்னர் 1918இல் ‘சிவ நடனம்’ பற்றிய ஆங்கில நூலைத் தந்தது.

கல்லைத் தெரிவு செய்தலும் பேணுதலும்

கனியத்தை அறிந்தால் நடைமுறையிற் பல தவறுகளைத் தவிர்க்கலாம். சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் அமிலத்திற் கரைபவை. அவற்றின் மேல் தேசிக்காய்ப்புளி சில துளி விட்டால் சிறு குமிழ்கள் எழும், மினுக்கம் போய்விடும். குவாட்ஸும் பெல்ஸ்பாரும் தேசிக்காய்ப்புளிக்கு இவ்வாறு கரைவதில்லை. அபிஷேகம் நடைபெறும் இடத்திற்குக் கருங்கல்லே பொருத்தமானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருங்கல்லும் அழியாதது அன்று. மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலமாகின்றது. அது நெடுங்காலம் படும்போது பெல்ஸ்பார் வெண்களியாக மாறும். பொரலஸ்கமுவவிலும் மீட்டியாகொடையிலும் அகழப்படும் வெண்களி இவ்வாறு பெல்ஸ்பார் சிதைந்து உண்டானதே. மாறாது நிற்கும் குவாட்ஸ் ஆற்றோடு சென்று மணலாகின்றது. ஆகவே வாங்கும் கல்லில் பெல்ஸ்பார் மங்கி, மாப்போல உதிர்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். மைக்கா ஒரே இடத்தில் திரண்டிருந்தால் அவ்விடம் ஏடாகப் பெயரும். பொன்னிறத் துகளாகத் தோன்றும் இரும்புச் சல்பைட் இருந்தால் சில ஆண்டுகளில் துருக்கறை வடியும். சிற்பாசாரியார்கள் கல்லைத் தட்டி ஓசை பார்ப்பது வெறும் சம்பிரதாயம் அன்று. மணிகள் இறுகப் பிணைந்த கல் மணியோசை தரும். உள்ளே வெடிப்போ சிதைவோ இருந்தால் ஓசை அடங்கி ஒலிக்கும்.

வெப்பமும் கல்லுக்குப் பகை. ஒவ்வொரு கனியமும் வெவ்வேறு அளவில் விரிவதால் பிணைப்புத் தளரும். 573 பாகையில் குவாட்ஸின் உள்ளமைப்பே மாறிச் சட்டென்று விரியும். முற்காலத்தில் நெருப்பு மூட்டிப் பாறையைப் பிளந்ததும் கல்லின் இவ்வியல்பைக் கொண்டே. எனவே கற்பூரத்தையும் தீபத்தையும் கல்லின் மேல் நேரடியாக ஏற்றாது தட்டிலோ தாங்கியிலோ ஏற்றுவது நலம். பழைய கற்றூண்களில் அழுக்கை நீக்க மணலை விசையுடன் வீசியடிக்கும் முறையும் கூடாது. அது அழுக்குடன் மேல்மணிகளையும் உதிர்த்து, எழுத்தையும் செதுக்கு நுணுக்கத்தையும் அழித்துவிடும். மென்மையான தூரிகையும் நல்ல நீரும் போதும்.

கல்லைச் செதுக்குபவரின் மூச்சு

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. கிரனைற்றின் கால்பங்கு குவாட்ஸ் என்று மேலே கூறப்பட்டது. உளியாற் கொத்தும்போதும், அதைவிட மின்சார இயந்திரத்தால் அறுத்து மினுக்கும்போதும், அந்தக் குவாட்ஸ் கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாகப் பறக்கின்றது. மூச்சுடன் உட்சென்ற தூசி நுரையீரலின் அடிவரை சென்று தங்கி வடுவை உண்டாக்கும். சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய் உடனே தெரியாது. பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்தே இருமலும் இளைப்புமாக வெளிப்படும். வந்தபின் முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. காசநோய் தொற்றும் அபாயத்தையும் இது கூட்டுகின்றது. 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் இத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலிற் சேர்த்தது.

எனவே ஆலய வீதியில் திருப்பணி நடைபெறும்போது பரிபாலன சபையினர் சில ஒழுங்குகளைச் செய்துகொடுத்தல் கடமையாகும். அறுக்கும் இடத்தில் கல்லின் மேல் நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாயிற் கட்டும் துணி இத்தூசியைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுக்க வேண்டும். தூசியை உலர்ந்தபடி கூட்டாது நனைத்து அள்ள வேண்டும். வேலை முடிந்ததும் உடைமாற்றிக் குளிப்பதற்கு வசதி வேண்டும். சிறுவர்களை அவ்விடத்தில் விளையாட விடக் கூடாது. ஒரு நீர்க்குழாய்க்கும் சில கவசங்களுக்கும் ஆகும் செலவு, திருப்பணிச் செலவில் மிகச் சிறிய பங்கே.

பாதாளத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் பொறுமையாக இருந்து மணிமணியாக விளைந்தது கருங்கல். அதனை மூர்த்தியாக்கித் தருபவர் ஒரு தொழிலாளி. கல்லுக்குக் கும்பாபிஷேகம் காணும் நன்னாளில் அவரும் தன் பிள்ளைகளுடன் நோயின்றி வந்து நின்று கும்பிட வேண்டும். அதுவும் திருப்பணியின் ஒரு பகுதியே.